நடுச் சுருதி

"அஞ்சுகிராமம் பேரை வெட்டுங்க! இப்பமே வெட்டுங்க!"

ததேயுஸ் மேசையில் அறைந்த அறையில் டீ கிளாஸ்கள் குதித்தன. போராட்டத்தில் பழகிய குரல், மைக் தேவையில்லை.

நாகர்கோவிலில், வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்துப் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களின் சங்கக் கூட்டம். காலையில் மாதாந்திரப் புயல் ஒத்திகை. ஊருக்கொரு நிலையம், கம்ப்யூட்டரை ரேடியோவில் மாட்டி ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அத்தனை ஊர்ச் செய்தியும் வந்தது. அஞ்சுகிராமம் பொன்னுலிங்கத்தின் செய்தி மட்டும் வரவில்லை. வராத ஊருக்கு ஆபத்துக்காலப் பட்டியலில் இடம் கிடையாது.

"ஒரு தவணை குடுக்கலாமே அண்ணாச்சி," என்றாள் சங்கத் தலைவி ஆதிரா. செய்திகளை வாங்கிப் பதிவு செய்தவளும் அவள்தான். "போன மாசம் உங்க செய்தியும் வரல்ல. உங்களுக்குக் குடுத்தோமே."

"நீங்களா குடுத்தீங்க? வாசல்ல குத்தவச்சுப் போராடி வாங்கினேன்! இன்னைக்கும் வராட்டா எங்க கடப்புறத்து ஊரை வெட்டியிருப்பீங்க. என் ஓட்டை ரேடியோப் பெட்டியில அனுப்பி ஜெயிச்சுக் காட்டியாச்சு. இவருக்கு லட்ச ரூபாப் பெட்டி, என்ன எளவுக்கு?"

ஒக்கிப் புயலில் தகவல் பிந்தியதால் தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவர் ததேயுஸ். அதற்குப் பிறகுதான், தலை நரைத்த வயதில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். பொன்னுலிங்கமோ, துறைமுகம் வேண்டாமென்று கடற்கரையே தெருவில் நின்றபோது வேண்டுமென்று கையெழுத்துப் போட்டவர். அன்றோடு இருவருக்கும் பேச்சு முறிந்தது.

"ஓய் பொன்னுலிங்கம்! ஏன் மிண்டாம, வாயத் திறக்காம இருக்கேரு? நாளைக்கு நெசமாவே காத்தடிச்சா உம்ம ஊரு சனம் யாரைக் கேட்டு ஓடும்? உமக்கு சனத்துமேல அக்கறை கிடையாது வேய். அன்னைக்கும் கிடையாது, இன்னைக்கும் கிடையாது!"

பொன்னுலிங்கம் எழுந்தார்.

"ததேயுஸ் சொல்லுகது சரிதான். எல்லாருக்கும் ஒரே விதி. வெட்டிரு மக்கா."

ஆதிரா பட்டியலில் அஞ்சுகிராமத்தின் பெயரை அடித்தாள். அவர் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது.

"பாத்தியா மோளே?" என்றார் ததேயுஸ். " ஒரு வார்த்தை எதிர்த்தானா? தப்பு செய்தவனுக்கு நாக்கு எழும்பாது."

ஆதிரா பேனாவை மூடினாள்.

"போன மாசம் உங்க செய்தி ஏன் வரல்லன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"டவுன்காரங்க சதி!"

"சதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டர் செய்தியை விசில் மாதிரிச் சத்தமாக்கிக் குடுக்குது. ரேடியோ அதை அனுப்புது. ஒண்ணோடொண்ணு மோதாம இருக்க ஆளுக்கொரு சுருதி குலுக்கிப் போடுதோம். ஆனா எந்த ரேடியோவும் எல்லாச் சுருதியையும் ஒரே பலத்துல அனுப்பாது. நடுச் சுருதி கணீர்னு போகும். உச்சத்துல தேஞ்சுரும். உங்க பழைய பெட்டியில அடியோட செத்துரும். போன மாசம் உங்களுக்கு விழுந்தது உச்சம்."

"இந்த மாசம் நடு விழுந்துதாக்கும். அதிர்ஷ்டத்தையும் பறிக்கணுமோ?"

"இந்த மாசமும் உங்களுக்கு உச்சம்தான் விழுந்தது. நடு விழுந்தது பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்கு."

ததேயுஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க வீட்டுல இருந்து அனுப்பிப் பழகுறதை அவரு கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. எந்தச் சுருதியில உங்க பெட்டி சாவுதுன்னு கண்டுபிடிச்சு, நேரா என்கிட்ட வந்து, அவரோட நடுவை உங்களுக்கும் உங்க உச்சத்தை அவருக்கும் மாத்திப் போடச் சொன்னாரு. தெரிஞ்சா நீங்க வாங்க மாட்டீங்க, அதனால சொல்லாதேன்னாரு."

"அவனா? எனக்கா?" ததேயுஸ் வாசல் பக்கம் திரும்பினார். "எதுக்கு?"

"நானும் அவருகிட்ட இதையே கேட்டேன். 'உச்சத்துல உங்க பெட்டியும் தேயும் அண்ணாச்சி, உங்க ஊரை வெட்டிருவாங்களே'ன்னேன். 'வெட்டட்டும் மக்கா. புயல் மொதல்ல ஏறுகது ததேயுஸ் வீட்டு வாசல்லதான்'னாரு."