கட்டி மாதிரி

“டாக்டர், காலை எடுத்துட மாட்டீங்களே?”

கேட்கும்போதே விளையாட்டு வாத்தியாரின் குரல் உடைந்துவிட்டது. மைதானத்தில் அவர் விசிலை வாயில் வைத்தாலே போதும், பிள்ளைகள் மூச்சுக்கூட விடாமல் வரிசையில் நிற்பார்கள். அந்த மனிதர்தான் இப்போது மனைவியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நாற்காலி நுனியில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் பொறுமையாக மறுபடியும் ஸ்கேன் படத்தைக் காட்டினார். “காலை எதுக்கு சார் எடுக்கணும்? முழங்கால் மூட்டுக்குள்ள மெல்லிசா ஒரு உறை இருக்கும். அது தடிச்சு, கட்டி மாதிரி வளர்ந்துடுச்சு. அதனாலதான் அடிக்கடி வீங்குது. சின்னதா ஓட்டை போட்டு, அதைச் சுரண்டி எடுத்துடுவோம்.”

“சுரண்டுறதா!” வாத்தியார் கண்களை இறுக மூடிக்கொண்டார். “கட்டின்னா... அந்தக் கட்டியா?”

“கேன்சர் இல்ல சார். திரும்ப வளரலாம், அதனால அப்பப்ப வந்து காட்டணும். அவ்வளவுதான்.”

டாக்டருக்கு அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து வாத்தியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் போய்விட்டது. தம்பி, மச்சான், கொழுந்தியாள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் போன் போட்டு அவருக்குத் தைரியம் சொல்லி அலுத்துப்போனார்கள். அவர் மனைவியோ யாருக்கோ வந்த விருந்துபோல, ஒரு காலை நீட்டிப் போட்டுக்கொண்டு வாரப் பத்திரிகையில் கோலமாவு விளம்பரம் வரைக்கும் படித்துக்கொண்டிருந்தாள்.

“மயக்க மருந்து குடுத்து, அப்புறம் முழிப்பே வரலைன்னா?”

“சும்மா இருங்களேன். நீங்க கேக்குற கேள்வியில டாக்டருக்கே மயக்கம் வந்துடும்போல,” என்றாள் அவள்.

“உனக்கு எல்லாமே கிண்டல்தான். ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆயிட்டா...”

கல்யாணமான நாளிலிருந்து சண்டை போடாத நாள் கிடையாது; ஆனாலும் அவளைப் பிரிவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

அவள் முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். “ரெண்டே நாள். வீட்டுக்கு வந்து மறுபடியும் சண்டை போடலாம். சரியா?”

அதற்குள் கதவு திறந்தது. நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். “ஆபரேஷன் தியேட்டர் ரெடி. போகலாமா?”

சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வாத்தியாருக்கு உடம்பெல்லாம் வெலவெலத்துவிட்டது. எழுந்தார், தள்ளாடினார், அதிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். நர்ஸ் புருஷனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார், கொஞ்சம் எந்திரிங்க. பேஷன்ட் உக்காரணும்!”