மருமகனின் அழுகை

ஏற்காட்டில் இலவசக் கண் ஆபரேஷன் செய்ய லண்டனிலிருந்து வந்திருந்த டாக்டர் நிவேதா, கண்ணம்மாளின் கட்டைப் பிரித்தார்.

"தெரியுதாம்மா?"

"ஒண்ணுமே தெரியலீங்க."

நிவேதா திகைத்தார். ஆபரேஷனில் எந்தக் குறையும் இல்லையே!

டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்ற கண்ணம்மாளின் மருமகன் மாதேஷ், "ஐயோ அத்தை! இனி நாந்தான் உங்களுக்குக் கண்ணு!" என்று கதறிவிட்டு, ஜீப் பிடிக்க வெளியே போனான்.

கண்ணம்மாள் டாக்டரின் கையைப் பற்றினாள்.

"எனக்கு நல்லாத் தெரியுதுங்க டாக்டரம்மா. அவன் மூஞ்சி என்னாகுதுன்னு பாக்கத்தான் தெரியலேன்னு பொய் சொன்னேன். எம்மக கௌரி கிணத்துல விழுந்து செத்தப்பவும் இவன் இப்படித்தான் கதறுனான். அன்னைக்குச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. இன்னைக்கு மூஞ்சியைப் பாத்துட்டேன். மூஞ்சியெல்லாம் சிரிப்புங்க."

"போலீஸுக்குச் சொல்லலாம்மா!"

"வேண்டாமுங்க. குருடியாவே அவன்கூட ஊட்டுக்குப் போறேன். அங்க சோறாக்கறது நாந்தானுங்க."