ஆற்காடு தாண்டிய பஸ்

ஆரணி வீட்டுக் கூடத்தில் தறிமேல் பழைய புடவையைப் போர்த்திவிட்டு எதிரே பாய் விரித்திருக்கிறார்கள். காது குத்திக்கொள்ளக் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. குழந்தையின் அம்மா பூங்கோதை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் காதில் அழுத்துகிறாள். “ஆற்காடு தாண்டிட்டேன், பஸ்ஸுல வந்துகினு இருக்கேன்” என்கிறான் கணவன் எழிலரசன். அவன் குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ குதிரைகளின் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்குகிறார். பந்தயக் கூட்டம் இரைகிறது. அப்பா கதவைத் தட்டுகிறார். “மாப்ள எங்கம்மா? நல்ல நேரம் போவுது.”

“ஆற்காடு தாண்டிட்டாராம்பா” என்கிறாள். போனை அணைக்க அவன் மறந்துவிட்டான். யாரோடோ சேர்ந்து கத்திச் சிரிக்கிறான். வீட்டில் ஒருநாளும் அவள் கேட்டிராத சிரிப்பு. போனை அணைக்கவும் அவளுக்குக் கை வரவில்லை, கதவைத் திறக்கவும் வரவில்லை.