கடதாசி ஒட்டப் போனவன்

"ஐயோ முருகா, சந்நிதியானே, உனக்கு நான் என்ன குறை வைச்சனான்? பிள்ளை போய் இறங்கின கடிதம் வந்தவுடனை தொண்டைமானாற்றுக்கு நடந்து வந்து கற்பூரச்சட்டி எடுத்தனானே."

பாலேஸ்வரி தலைமுடி அவிழ்ந்து கிடக்க விறாந்தைத் தூணில் சாய்ந்திருந்தாள். பக்கத்துவீட்டு நல்லம்மா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். காலை பஸ்ஸோடு வந்த செய்தி மத்தியானத்துக்குள் உரும்பிராய் முழுக்கப் பரவிவிட்டது.

"போகேக்கை எப்பிடிப் போன பிள்ளை," என்றாள் நல்லம்மா. "ஆரின்ரை கண் பட்டுதோ. பக்கத்திலை எங்கடை ஆக்கள் ஆரும் இருந்திருந்தா இப்பிடி நடக்க விட்டிருப்பினமே?"

முற்றத்தில் ஆம்பிளைகள் கதிரைகளில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். நடுவில் பாலேஸ்வரியின் புருசன் கதிரவேலு.

"ஆறு மாசம் எண்டுதான் கடிதத்திலை போட்டிருந்தவங்கள்," என்றார் அவர். "ஆறு மாசத்திலை எல்லாம் இப்பிடி முடியும் எண்டு ஆர் கண்டது?"

அவருடைய ஒரே மகன் குகதாசன் பக்கத்துத் திருநெல்வேலிக் கம்பஸில் சரித்திரம் படித்தவன். பழைய கடதாசிகளைப் பழுதுபார்க்கக் கையால் செய்து பழகும் பயிற்சிக்கு ஒல்லாந்தில் ஒரு மாணவனுக்கு இடம் இருக்கிறதென்று எண்பத்தைந்தாம் ஆண்டு கடைசியில் அறிவித்தல் வந்தது. அதுவரை பழைய கடதாசியில் கச்சான் கடலை சுற்றி வாங்கிய ஊருக்கு ஒரே கிழமையில் சரித்திரப் பைத்தியம் பிடித்தது. எட்டாம் வகுப்போடு நின்ற பெடியன்கள்கூட விண்ணப்பம் போட்டார்கள்.

ஊரைக் குறைசொல்லவும் முடியாது. ஷெல் விழத் தொடங்கியிருந்த காலம். பிள்ளையை எங்காவது அனுப்பிவிட்டவர்கள் இரவில் நித்திரை கொண்டார்கள், மற்றவர்கள் விழித்திருந்தார்கள்.

இடம் குகதாசனுக்குக் கிடைத்தது. "கடதாசி ஒட்டப் படிக்க ஒல்லாந்துக்கோ?" என்று நையாண்டி பண்ணியவர்களும் வழியனுப்ப வந்தார்கள். "என்னத்தையாவது ஒட்டட்டும், போய் இறங்கினால் சரி," என்றார் ஒழுங்கைக் கடைசி வீட்டு முருகேசு.

போனவன் மாதம் தவறாமல் எழுதினான். முந்நூறு வருசத்து வரைபடத்தைத் தண்ணீரில் அலசினானாம், கரையவில்லையாம். ஓட்டை விழுந்த இடத்தில் வெங்காயத் தோல் போன்ற தாளை வைத்து மாப்பசையால் ஒட்டினானாம். எங்கள் ஊர்க் கடதாசிகளைக் கறையான் தின்கிறதே என்று ஒவ்வொரு கடிதத்திலும் கவலைப்பட்டான். அந்த வரியை மட்டும் கதிரவேலு ஊருக்கு வாசித்துக் காட்டியதில்லை.

மற்ற வரிகளை வாசித்துக் காட்டியதற்குப் பலன் கிடைத்தது. தமையன் ஒல்லாந்தில் என்றதும், மகள் பத்மாசினியைத் தன் மகனுக்குக் கேட்டுக் கரவெட்டி ஆழ்வாப்பிள்ளை தானாகவே வந்தார். முன்பு பேசி வந்த சம்பந்தங்கள் எல்லாம் சீதனத்தில் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையை அவளுக்கும் பிடித்திருந்தது. ஆவணியில் கலியாணம் என்று பேச்சு.

இப்போது அவள் குசினியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மீன் பொரிகிற மணம் முற்றம் வரை வந்தது.

"பிள்ளை, பிரட்டிப் போடு, கருகப்போகுது," என்று விறாந்தையிலிருந்து குரல் கொடுத்துவிட்டு, பாலேஸ்வரி விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

ஆறுதல் சொல்ல இதுதான் தருணம் என்று முருகேசு நினைத்தார். "என்ரை மூத்தவன் ஜேர்மனிக்குப் போய் நாலு வரியம். ஒரு தடிமன் காய்ச்சல்கூட இல்லை. எல்லாம் அவரவர் பலன், கதிரவேலு."

கதிரவேலுவுக்கு அந்த ஆறுதலைக் கேட்டபோது முருகேசுவுக்கு ஓர் அறை விடவேண்டும் போல இருந்தது. வந்தவரை அடிக்கக்கூடாதே என்று கையைக் கட்டிக்கொண்டார்.

படலை திறந்தது. குடையும் கையுமாக ஆழ்வாப்பிள்ளை வந்தார். கதிரவேலு ஓடிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டார். நல்லம்மா கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியை ஆழ்வாப்பிள்ளை வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

பத்மாசினி குசினி வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த மனிதர் வாயால் வரப்போகிறதுதான் தன் வாழ்வு என்று அவளுக்குத் தெரியும்.

"கேள்விப்பட்டவுடனை வெளிக்கிட்டனான்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "உண்மைதானோ?"

"ஓம் அண்ணை. எங்கடை தலைவிதி."

அவர் தொண்டையைச் செருமினார். "குறை நினைக்காதேங்கோ கதிரவேலு. பெடியன் அங்கை இருக்கிறான் எண்டுதானே நாங்கள் ஓமெண்டனாங்கள். இனி உந்தச் சம்பந்தம் சரிவராது."

பாலேஸ்வரியின் அழுகை ஒழுங்கை வரை கேட்டது. பத்மாசினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்காக உண்மையில் மனம் வருந்தியவர்கள் அந்த முற்றத்தில் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

அந்த நேரம் கிணற்றடிப் பக்கமிருந்து, ஈரத்துவாயால் தலையைத் துடைத்தபடி ஓர் இளைஞன் முற்றத்துக்கு வந்தான். கூட்டத்தைக் கண்டு திகைத்து நின்றான்.

ஆழ்வாப்பிள்ளை அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, உப்பிடிச் செய்துபோட்டீர்?"

"பயிற்சி முடிஞ்சுது மாமா, அதுதான் வந்திட்டன்."