எந்த வருஷத்துப் பெடல்?

டவலில் சுற்றிக் கொண்டுவந்ததை அண்ணி கிடார் மெக்கானிக்கின் மேஜைமேல் வைத்தார். வெறும் விரல் அதன்மேல் பட்டுவிடாதபடி, டவலின் நுனியைப் பிடித்தே விலக்கினார்.

உள்ளே சாம்பல் நிறத்தில், கையகல இரும்புப் பெட்டி. மேலே இரண்டு குமிழ்கள், நடுவில் காலால் மிதிக்க ஒரு பொத்தான். எலெக்ட்ரிக் கிடாரின் தெளிந்த ஒலியை வண்டு இரைவதுபோல் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடல்.

"அண்ணனோடதா?" என்றான் மெக்கானிக்.

"அதை நீங்கதான் சொல்லணும், தம்பி. அவர் செஞ்சதா, செஞ்சதுன்னா எந்த வருஷம்னு மட்டும் பாருங்க."

"விக்கிறதா இருந்தா நல்ல விலைக்குப் போகும் அண்ணி."

"விலை வேணாம். வருஷம் போதும்."

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. பழைய கடையில் ஏழு வருஷம் எதிர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். மெக்கானிக் இந்தக் கடையைத் தனியாகத் திறந்தது அவர் போன பிறகுதான். அந்தக் காலத்துப் பெடல்களின் சத்தத்தை அச்சு அசலாகப் புதிதில் கொண்டுவர அவரை விட்டால் ஆள் கிடையாது. கிடார்க்காரர்கள் அவருக்கு 'வண்டு' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு, அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், ஆற்றுப் பாலத்தின்மேல் அவருடைய கார் மட்டும் நின்றிருந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு அண்ணி நான்கு வீடு மாறிவிட்டார். நினைவுகள் நிம்மதியாக இருக்க விடவில்லை போலும் என்று தெரிந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

மெக்கானிக் கிடாரைப் பெடலிலும் பெடலை ஆம்ப் ஒலிபெருக்கியிலும் செருகினான். பொத்தானை மிதித்து ஒரே ஒரு கம்பியைத் தட்டினான்.

சத்தம் அறையை நிறைத்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடியில் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டே இருந்தது.

பிறகு கிடாரின் வால்யூமைப் பாதியாகக் குறைத்தான். மட்டமான பெடலாக இருந்தால் சத்தம்தான் குறையும், கரகரப்பு அப்படியே நிற்கும். இதிலோ உறுமல் அப்படியே அடங்கி, மணி அடித்ததுபோல் சுத்தமாக ஒலித்தது.

"சந்தேகமே இல்ல அண்ணி. அண்ணன் கைதான்."

அண்ணி கண்களை மூடிக்கொண்டார். "வருஷம்?"

"அதுக்குத் திறந்து பாக்கணும்."

நான்கு திருகாணிகளையும் கழற்றினான். உள்ளே ஒவ்வொரு ஒயரும் இடப்பக்கமாக மூன்று சுற்று முறுக்கியிருந்தது. பற்றவைத்த இடமெல்லாம் சிவப்புப் பொட்டு.

"பாத்தீங்களா? உங்க நெயில் பாலிஷைச் சுட்டுட்டு வந்துதானே வைப்பாரு!" என்று சிரித்தான்.

"நான் இப்பல்லாம் அது போடுறதில்ல தம்பி."

பலகையைத் திருப்பிப் பார்க்க ஒரு ஒயரைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி வைத்தான். மெல்லிய புகை எழுந்தது.

அண்ணி விருட்டென்று எழுந்து, முன்கையிலிருந்த பழைய தழும்பைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. பாவம், இந்த வாசனை அண்ணனை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பலகையைத் திருப்பினான். பட்டாணி அளவில் இரண்டு டிரான்சிஸ்டர்கள். இந்த வகை இப்போது எங்கும் தயாராவதில்லை. பழைய இருப்பில் தேடிப்பிடித்தால்தான் உண்டு. ஒன்றின் தலையில் 72 என்றும் மற்றதில் 117 என்றும் பச்சை மையில் எழுதியிருந்தது.

மெக்கானிக்கின் கை அந்தரத்தில் நின்றது. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு. பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடியும் பார்த்தான்.

"அண்ணி... இது என் கையெழுத்து."

"என்ன சொல்றீங்க?"

"இதை ரெண்டையும் சோதிச்சு நம்பர் போட்டது நான். போன மாசம் யாரோ ஆன்லைன்ல கேட்டாங்கன்னு ஒரு டஜன் பார்சல் பண்ணினேன். கேள்விப்படாத பேரு, போன்ல பேசவும் இல்ல." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். "அப்படின்னா இந்தப் பெடல் செஞ்சு ஒரு மாசம்கூட ஆகல!"



அவன் துள்ளி எழுந்தான். கண்ணில் நீர் முட்டியது. "அண்ணன் உயிரோட இருக்காரு அண்ணி! யாரு கொண்டாந்து குடுத்தது இதை?"

"யாரும் குடுக்கல. நேத்து வேலை முடிஞ்சு வந்து பூட்டைத் திறந்து உள்ள போனேன். சமையல் மேடைமேல இருந்துச்சு."

"பாத்தீங்களா! எத்தனை வீடு மாறினாலும் உங்களைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்துட்டாரு!"

அண்ணி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார். முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"அந்தப் பார்சல்ல உங்க கடை விலாசம் போட்டிருந்தீங்களா?"

"போடாம எப்படி? ஏன் கேக்கறீங்க?"

டவலை அங்கேயே போட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"தம்பி, இந்தக் கடைக்குப் பின்வாசல் இருக்கா?"