புதுத் தலைவருக்கு மாலை

மாலையைத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்துக்குக் கொண்டுவந்தவர் கனிசியஸ்தான். தலைவர் தனக்குத் தானே மாலை வாங்கி வருகிறாராக்கும் என்று வாசலில் நின்ற சிலர் சிரித்தார்கள். அவர் மாலைப் பையை மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, உடம்பெல்லாம் நோகிற ஆளைப்போலக் கதிரையில் இருந்தார்.

கடற்றொழிலாளர் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம். வழமைபோல முதலில் தலைவர் தெரிவு, அது முடிந்த கையோடு சந்தை ஏலம். ஏலத்தை எடுப்பவர் சொல்வதுதான் அந்த வருடம் முழுக்க மீன்சந்தையில் சட்டம்.

இந்த முறை அதை ஜெறோம் முதலாளி எடுக்கப்போகிறார் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐஸ் தொழிற்சாலை, கொழும்புக்கு ஓடும் லொறிகள் எல்லாம் அவருடையவை; அவரோடு போட்டிக்கு நிற்க யாரிடமும் காசில்லை. சந்தை கைக்கு வந்ததும், சில்லறைக்கு மீன் விற்கும் பெண்களை எழுப்பிவிட்டு லொறியை உள்ளே விடுவேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லித் திரிந்தார்.

அந்தப் பெண்களில் ஒருத்தி கனிசியஸின் மனைவி றெஜினா. தகப்பன் சீதனமாகக் கொடுத்த வள்ளம் அவள் பெயரில் இருந்ததால், சங்கத்தில் அங்கத்துவம் உள்ள ஒரே பெண்ணும் அவள்தான். அங்கத்தவர்தான் ஏலம் கேட்கலாம் என்பதால், எல்லோரும் காசு சேர்த்து அவள் பெயரில் கேட்டுப் பார்ப்போம் என்று பெண்கள் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் அதைக் கணவனிடம் சொன்னாள். "நீர் ஏலம் கேக்கேலாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கிழிந்த வலை பொத்தப் போய்விட்டார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

செயலாளர் றோய் எழும்பிச் சங்கத்து விதிகளை வாசித்தான். கூட்டத்துக்குக் கூட்டம் அவற்றை முழுக்க வாசிப்பது சங்கம் தொடங்கிய காலத்துப் பழக்கம். ஒருவரும் காது கொடுக்காததும் அதே காலத்துப் பழக்கம்தான்.

சந்தா கட்டாதவருக்கு வாக்கில்லை. தெரிவாகும் நிர்வாகிகளும் அவர்கள் வீட்டாரும் அந்த வருடச் சந்தை ஏலம் கேட்க முடியாது. குடித்துவிட்டுக் கூட்டத்துக்கு வரக்கூடாது. கடைசி விதிக்கு மட்டும் மண்டபம் விழித்துக்கொண்டு யாகோப்பைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஜெறோம் முதலாளி அந்நேரம் வெளியே வேப்பமரத்தடியில் நின்று, போனில் லொறிக்காரனை ஏசிக்கொண்டிருந்தார்.

அவர் உள்ளே வந்து இருந்த பிறகுதான் றோய் தலைவர் பதவிக்குப் பெயர் கேட்டான். கனிசியஸே எழும்பினார். வருடா வருடம் தன் பெயரை யாராவது சொல்லும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர்.

"எனக்குக் களைச்சுப் போச்சு. இனி ஏலாது. ஜெறோம் முதலாளியை முன்மொழியிறன்."

முதலாளி ஊருக்குச் செய்ததை எல்லாம் கனிசியஸ் அலுத்த குரலில் அடுக்கினார்: கோயில் திருவிழாவுக்குப் பந்தல், கடனுக்கு ஐஸ், கொழும்பில் பெரிய ஆட்களின் பழக்கம். சந்தையோடு சங்கமும் கைக்கு வருகிறதென்று முதலாளியின் முகம் மலர்ந்தது.

ஜெறோமிடம் கடனுக்கு டீசல் எடுக்கிற யாகோப்பு உடனே வழிமொழிந்தார். அவருக்குக் கடமைப்பட்ட கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. றெஜினாவின் கை மடியை விட்டு எழும்பவில்லை.

சந்தை விஷயம் என்பதால் மற்றப் பெண்களும் வந்து பின்வரிசையில் இருந்தார்கள். அவர்களில் செபஸ்தியம்மா குனிந்து றெஜினாவின் காதுக்குள் சொன்னாள்: "உன்ரை மனுசன் எங்களை வித்துப்போட்டான் பிள்ளை."

இந்த மனிதனோடா இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன் என்று றெஜினா மேசைப் பக்கம் முறைத்துப் பார்த்தாள்.

கனிசியஸ் மேசைக்குக் கீழிருந்து மாலையை எடுத்து ஜெறோமின் கழுத்தில் போட்டார். தலைவர் கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து மனைவிக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். அவள் தன் கதிரையை அப்பால் நகர்த்திக்கொண்டாள்.

புதுத் தலைவர் நேரத்தை வீணாக்கவில்லை. ஏலத்தைத் தொடங்கச் சொல்லி, தான் கேட்கும் தொகையையும் தானே முதலில் சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பெண்கள் எழும்பி வெளியே போகப் பார்த்தார்கள்.

றோய் அதை எழுதவில்லை. பேனையால் தலையைச் சொறிந்தான்.

"குறை நினையாதேங்கோ முதலாளி. தலைவர் ஏலம் கேக்கேலாது. துவக்கத்திலை வாசிச்சனான் எல்லே."

அப்படியென்றால் இந்தப் பதவியே வேண்டாம், இப்போதே விலகுகிறேன் என்றார் ஜெறோம். விலகினாலும் தெரிவானவர் தெரிவானவர்தான், அந்த வருடம் முழுக்கக் கேட்க முடியாது என்று றோய் அந்த விதியைத் திரும்பவும் வாசித்தான். இந்த முறை எல்லோருக்கும் காது கேட்டது. மாலையைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் ஜெறோமின் கை கழுத்தடியில் நின்றது.

றெஜினா மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். கனிசியஸ் கண்ணை மூடிக் கதிரையில் சாய்ந்திருந்தார். அப்படியே, கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"நீர் இப்ப தலைவரின்ரை மனுசி இல்லை, றெஜினா. எழும்பிக் கேளும்."