ஏழடிக் கொக்கி

அன்று அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: எங்கள் குடும்பத்து வக்கீல் அலுவலகத்தை இப்போது நடத்தும் என் மருமகள், கப்பல் கம்பெனி மேலாளர், கப்பலைக் கரையில் கட்டும் வடம் அறுந்து வலது தோளில் அடிபட்ட தொழிலாளி, நான்.

கதவருகே கொக்கியில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது.

தொழிலாளி நஷ்டஈடு கேட்டிருந்தார். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, இனி வடம் இழுக்க முடியாது என்றார். நடிக்கிறார் என்றது கம்பெனி. எங்கள் கட்சிக்காரர் கம்பெனி.

கொக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பித்தளை. என் அப்பா ஏழடி உயரத்தில் அடித்தது. அலுவலகத்தில் வேறு கொக்கி கிடையாது. இடது கை போகாதபடி பக்கத்திலேயே ஓர் அலமாரி.

தோள் போய்விட்டது என்று வழக்குப் போட்டவர்கள் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். வந்த வேகத்தில் தொப்பியை எட்டி மாட்டிவிட்டு உட்காருவார்கள். அப்பா கொக்கியைப் பார்த்து ஒரு தடவை செருமுவார். வழக்கு முடிந்துவிடும்.

மருமகள் செருமினாள்.

"ஜன்னல்லேர்ந்து பார்த்தேங்க. கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் வந்தீங்க. இப்ப அது அங்க தொங்குது. பறந்தா போச்சு?"

மேலாளர் சாய்ந்து உட்கார்ந்து இன்னொரு காபி கேட்டார்.

தொழிலாளி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். வாயே திறக்கவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் அப்படியே விட்டிருந்தால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

எங்கள் குடும்பத்துக்கு ஜெயித்துப் பழக்கம். பொய்யை வைத்து ஜெயித்துப் பழக்கமில்லை.

"அதை மாட்டினது நான்" என்றேன்.

மேலாளரின் காபி பாதி வழியில் நின்றது.

வாசலுக்கு வந்தவரை நனைந்த கோட்டோடு நிற்க வைப்பது எங்கள் வீட்டில் கிடையாது. வாங்கி மாட்டினேன். அந்தக் கொக்கி எதற்காக இருக்கிறது என்பது கையை எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"மாமா, நீங்க யார் பக்கத்து வக்கீல்?" என்றாள் மருமகள்.

"நான் ரிட்டயர் ஆனவன்மா."

முதலில் சிரித்தது அவள்தான். அடுத்தது தொழிலாளி, வலிக்கும் தோளைப் பிடித்துக்கொண்டு. மேலாளருக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. டாக்டர் சான்றிதழை மறுக்க அவரிடம் ஒரு மழைக்கோட்டைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் மருமகளே அவரிடம் பேசி, கேட்ட நஷ்டஈட்டுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டாள்.

இப்போது நீதிமன்ற வராந்தாவில் ஒரு பேச்சு உலவுகிறது. கிழவர் இரக்கப்பட்டுப் பொய் சொல்லிவிட்டாராம். அவர் உயரத்துக்கு அந்தக் கொக்கி எட்டவே எட்டாதாம்.

எட்டாது. அது உண்மை.

பொய் சொன்னேன் என்பது தவறு. குமாஸ்தாவின் முக்காலியில் ஏறி நின்று மாட்டினேன். இந்த வயதில் ஏறினது தெரிந்தால் மருமகள் திட்டுவாள், இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அந்தத் தொழிலாளியிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லவில்லை.

முக்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டது அவருடைய இடது கை.